நீராவி அட்டவணையைப் புரட்டாமல் தண்ணீர்க் கணக்கு: ப்ரோகிராம் கால்குலேட்டரில் ஏற்றும் முறை

வெப்பப் பரிமாற்றி, பாய்லர், பம்பு என்று எந்தக் கணக்கில் உட்கார்ந்தாலும் முதலில் தேவைப்படுவது தண்ணீரின் எண்கள்தான். இந்த வெப்பநிலையில் அடர்த்தி எவ்வளவு, பாகுநிலை (ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் தடை) எவ்வளவு, வெப்பக் கடத்துதிறன் எவ்வளவு? அட்டவணையில் 60 டிகிரிக்கு ஒரு வரி, 65-க்கு ஒரு வரி இருக்கும். நமக்கு வேண்டியது 62.4 ஆக இருக்கும். இரண்டு வரிக்கும் நடுவே விகிதம் போட்டு ஒரு எண்ணை எடுக்க வேண்டும். அதையே ஐந்து பண்புகளுக்கும் செய்ய வேண்டும். பிறகு வெளியேறும் வெப்பநிலையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றினால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ப்ரோகிராம் கால்குலேட்டர் இதற்காகவே பிறந்த கருவி என்பது என் உறுதியான எண்ணம்.

நான் வெப்பப் பரிமாற்றிக் கணக்கிலேயே காலம் தள்ளுபவன். மேசையில் இருப்பது எச்பி-42எஸ், 1988-ல் வந்த மாடல். கீழே உள்ள ப்ரோகிராம் அதற்காக எழுதியது. ஃபோனில் ஓடும் ஃப்ரீ42 செயலியிலும் மாற்றமே இல்லாமல் ஓடும், எச்பி-41சிவி-யிலும் ஓடும். கேசியோ எஃப்எக்ஸ்-5800பி வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ஃபார்–நெக்ஸ்ட் சுழலையும் இசட் வரிசை நினைவகத்தையும் வைத்து இதே அமைப்பை எழுதிக்கொள்ளலாம். அமைப்பு புரிந்துவிட்டால் இயந்திரம் எதுவானாலும் பிரச்சினை இல்லை.

பலரும் முதலில் செய்வது அட்டவணையையே கால்குலேட்டருக்குள் ஏற்றப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கான எண்களைத் தட்டி ஏற்றினாலும் கடைசியில் கிடைப்பது அதே இடைக்கணிப்புதான். தண்ணீருக்கு மிக நல்ல சமன்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் சில வியக்கத்தக்க அளவு சிறியவை. பாகுநிலைக்கு நான்கு உறுப்பு, கடத்துதிறனுக்கு நான்கு உறுப்பு, தெவிட்டிய ஆவியின் (கொதிக்கும் நீரோடு சமநிலையில் இருக்கும் ஆவியின்) அடர்த்திக்கு ஆறு உறுப்பு. இந்த மூன்றும் ஒரே வடிவம் என்பதைக் கவனித்தால் வேலை பாதியாகிவிடும்: ஒரு குணகம், அதை ஏதோ ஒரு விகிதத்தின் அடுக்கோடு பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. ஆகவே ஒரே ஒரு சுழலை எழுதினால் போதும். ஒவ்வொரு பண்புக்கும் குணகங்கள் இருக்கும் இடத்தை மட்டும் அதற்குக் காட்ட வேண்டும்.

முதலில் ரெஜிஸ்டர்களை, அதாவது எண்களைச் சேமித்து வைக்கும் இடங்களை, பங்கு போட்டுக்கொள்வோம். 42எஸ்-ல் தொடக்கத்தில் 25 ரெஜிஸ்டர்தான் இருக்கும். சைஸ் கட்டளையால் 60 ஆக்கிக்கொள்ளுங்கள்.

00: வெப்பநிலை, கெல்வினில்
09: அதே வெப்பநிலை, செல்சியஸில்
01 முதல் 08 வரை: வேலைக்கான இடம்
10 முதல் 17 வரை: பாகுநிலை
20 முதல் 27 வரை: வெப்பக் கடத்துதிறன்
30 முதல் 41 வரை: ஆவி அடர்த்தி
50 முதல் 59 வரை: தெவிட்டிய அழுத்தம்

கெல்வினும் செல்சியஸும் கலந்து போவதுதான் இந்தக் கணக்கில் பெரிய ஆபத்து. சில சூத்திரங்கள் கெல்வின் கேட்கும், சில செல்சியஸ் கேட்கும். அதனால் வெப்பநிலை உள்ளே வர ஒரே ஒரு வாசல்தான் வைக்க வேண்டும். நான் எப்போதும் செல்சியஸில்தான் தட்டுவேன். லேபிள் 01 என்று பெயரிட்ட சிறு ப்ரோகிராம் அதை வாங்கி இரண்டு இடத்திலும் வைத்துவிடும் (ஸ்டோ என்றால் ரெஜிஸ்டரில் வை, ரீகால் என்றால் அங்கிருந்து எடு):

லேபிள் 01 · ஸ்டோ 09 · 273.15 · + · ஸ்டோ 00 · ரிட்டர்ன்

இனி மற்ற எந்த ப்ரோகிராமும் வெப்பநிலையைத் திரையிலிருந்து வாங்காது; 00-லிருந்தோ 09-லிருந்தோதான் எடுக்கும்.

இப்போது அந்தப் பொதுச் சுழல். விகிதம் ரெஜிஸ்டர் 01-ல் இருக்கும். சுழலின் எண்ணி திரையில் இருக்கும். ஐஎஸ்ஜி அந்த எண்ணியை ஏற்றி, எல்லை தாண்டும்வரை சுழலைத் தொடர வைக்கும்:

லேபிள் 90 · ஸ்டோ 02 · 0 · ஸ்டோ 03
லேபிள் 91 · ரீகால் 01 · ரீகால் 02 · 1 · + · ஸ்டோ 04 · ரோல் டவுன்
ரீகால் இன்டைரக்ட் 04 · ஒய்-அடுக்கு-எக்ஸ் · ரீகால் இன்டைரக்ட் 02 · × · ஸ்டோ+ 03
ஐஎஸ்ஜி 02 · கோ-டூ 91 · ரீகால் 03 · ரிட்டர்ன்

குணகமும் அடுக்கும் ஜோடியாக அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களில் உட்கார்ந்திருக்கும்: 10-ல் குணகம், 11-ல் அடுக்கு, 12-ல் அடுத்த குணகம், இப்படியே. எண்ணியை 10.01602 என்று கொடுத்தால் 10-ல் தொடங்கு, 16 வரை போ, இரண்டிரண்டாக ஏறு என்று பொருள். இன்டைரக்ட் கட்டளை முழு எண் பகுதியை மட்டுமே பார்ப்பதால், பின்னால் ஒட்டியிருக்கும் தசமப் பகுதி எந்தத் தொந்தரவும் தராது. அதனால்தான் எண்ணியோடு 1 கூட்டி, 11.01602 என்பதை அப்படியே அடுக்கின் முகவரியாகக் கொடுக்க முடிகிறது.

பாகுநிலைக்கான எண்கள் இவை. நீர், நீராவிப் பண்புகளுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐஏபிடபிள்யூஎஸ், 0.1 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் உள்ள திரவ நீருக்கென்று தந்த சமன்பாடு:

280.68, அடுக்கு −1.9
511.45, அடுக்கு −7.7
61.131, அடுக்கு −19.6
0.45903, அடுக்கு −40

விகிதம் கெல்வின் வெப்பநிலை ÷ 300. விடை மைக்ரோபாஸ்கல்-விநாடியில் வரும். அதே வெளியீட்டில் வெப்பக் கடத்துதிறனுக்கு, அதே விகிதத்தோடு:

1.6630, அடுக்கு −1.15
−1.7781, அடுக்கு −3.4
1.1567, அடுக்கு −6
−0.432115, அடுக்கு −7.6

இது மீட்டர்-கெல்வினுக்கு வாட்டில் வரும். இரண்டுக்கும் ப்ரோகிராம் ஒரே வரிதான் (எக்ஸ்ஈக்யூ 90 என்பது லேபிள் 90-ஐக் கூப்பிடும் கட்டளை):

லேபிள் 10 · ரீகால் 00 · 300 · ÷ · ஸ்டோ 01 · 10.01602 · எக்ஸ்ஈக்யூ 90 · ரிட்டர்ன்

லேபிள் 20-ல் 10.01602-க்குப் பதிலாக 20.02602. அவ்வளவுதான்.

குணகங்களை நேராகக் கையால் ரெஜிஸ்டரில் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். அவற்றை ஏற்றுவதற்கென்றே தனியாக ஒரு ப்ரோகிராம் எழுதுங்கள்: 280.68 · ஸ்டோ 10 · 1.9 · +/− · ஸ்டோ 11 என்று நீளமாகப் போகட்டும். வேறு ஏதோ வேலைக்காக ரெஜிஸ்டர்களை மொத்தமாக அழித்துவிட்டாலும், அந்த ப்ரோகிராமை ஒருமுறை ஓட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். தட்டிய எண்ணை வரிவரியாகச் சரிபார்க்கவும் அது உதவும்.

சரிபார்ப்பில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 25 டிகிரி கொடுத்தால் பாகுநிலை 890.00, கடத்துதிறன் 0.6065 வர வேண்டும். வந்துவிட்டால் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பாகுநிலையின் நான்காவது உறுப்பைப் பாருங்கள்: 25 டிகிரியில் அதன் பங்கு வெறும் 0.59, 60 டிகிரியில் 0.007. அந்த உறுப்பில் அடுக்கை −40-க்குப் பதிலாக −4 என்று தட்டியிருந்தால்கூட 60 டிகிரியில் விடை 0.1 சதவீதம்கூட அசையாது. ஆனால் 0 டிகிரியில் அதே உறுப்பு 19.5 கொடுக்கிறது, மொத்தமான 1791.8-ல் ஒரு சதவீதத்துக்கு மேல். ஆகவே ஒவ்வொரு உறுப்பும் உண்மையிலேயே வேலை செய்யும் இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். பாகுநிலைக்கு 0, 25, 60 மூன்றிலும் பாருங்கள்: 1791.8, 890.0, 466.0.

கடத்துதிறனில் சிக்கல் வேறு மாதிரி. நேர், எதிர் உறுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சமாக நிற்பதுதான் விடை. 25 டிகிரியில் உறுப்புகள் 1.6749, −1.8159, 1.2004, −0.4529, கூட்டினால் 0.6065. மூன்றாவது குணகத்தில் இரண்டு இலக்கம் இடம் மாறி 1.1576 ஆகிவிட்டால் விடை 0.6074 வரும். பார்ப்பதற்கு முழுக்க நியாயமான எண். யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் கிட்டத்தட்டச் சரி என்று விடக் கூடாது. நான்காவது தசமம் வரை ஒத்துப்போக வேண்டும். 0 டிகிரியில் 0.5556, 60 டிகிரியில் 0.6510.

இந்த இரண்டு சமன்பாடுகளையும் 0 முதல் 110 டிகிரி வரை நம்பலாம். அழுத்தம் 0.1 மெகாபாஸ்கலைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி வரும். திரவ நீர் அழுத்தத்துக்கு அவ்வளவாக வளைந்து கொடுக்காது. ஒரு மெகாபாஸ்கல் ஏறினால் அடர்த்தி சுமார் 0.05 சதவீதம் கூடும். சாதாரணக் குழாய் வேலைகளில் இதை விட்டுவிடலாம்.

அடர்த்திக்குப் பல்லுறுப்புக் கோவைதான் வசதி. 1975-ல் கெல் என்ற ஆய்வாளர் கொடுத்த சமன்பாடு 0 முதல் 150 டிகிரி வரை செல்லும். 'செ' என்பது செல்சியஸ் என்றால்:

மேலே: 999.83952 + 16.945176·செ − 7.9870401×10⁻³·செ² − 46.170461×10⁻⁶·செ³ + 105.56302×10⁻⁹·செ⁴ − 280.54253×10⁻¹²·செ⁵
கீழே: 1 + 16.87985×10⁻³·செ

மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் கன மீட்டருக்குக் கிலோகிராம். இதில் அடுக்குகளைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டாம். ஆர்பிஎன் இயந்திரத்தில், அதாவது எண்களை முதலில் தட்டிச் செயலைப் பிறகு அழுத்தும் 42எஸ் போன்ற இயந்திரத்தில், ஓர் அழகான வழி இருக்கிறது. ரீகால் 09 செய்து என்டரை மூன்று முறை அழுத்துங்கள். ஸ்டாக்கின் (கணக்கில் இருக்கும் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்கின்) நான்கு மாடியிலும் வெப்பநிலை நிரம்பிவிடும். பிறகு கடைசிக் குணகத்தைத் தட்டி ×, அதற்கு முந்தைய குணகத்தைத் தட்டி +, மறுபடி ×, அடுத்தது +. ஒவ்வொரு முறை ஸ்டாக் கீழே இறங்கும்போதும் மேல் மாடியில் உள்ள எண் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்வதால் வெப்பநிலை தீரவே தீராது. ஐந்தாம் படிக் கோவை ஐந்து பெருக்கலிலும் ஐந்து கூட்டலிலும் முடிந்துவிடும், ஒரு ரெஜிஸ்டரைக்கூடத் தொடாமல். இந்த வித்தையை முதன்முதலில் கையால் தட்டிப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே ஆர்பிஎன் கற்றுக்கொள்ளலாம்.

சோதனை: 4 டிகிரியில் 999.972, 25-ல் 997.045, 60-ல் 983.199. நீரின் அடர்த்தி உச்சம் தொடுவது 4 டிகிரியை ஒட்டித்தான் என்பதால் 3-ஐயும் 5-ஐயும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் 4-க்கான எண்ணைவிடக் குறைவாக வர வேண்டும். எதிர்க்குறி ஏதாவது விட்டுப்போயிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

தன்வெப்பம் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டிய பண்பு இல்லை. 0 முதல் 100 டிகிரி வரை அது ஆடுவதே ஒரு சதவீத அளவுதான். இந்தப் பழைய சூத்திரம் போதும்:

4185.5 × [0.996185 + 0.0002874 × ((செ + 100) ÷ 100)^5.26 + 0.01116 × 10^(−0.036 × செ)]

விடை கிலோகிராம்-கெல்வினுக்கு ஜூல். 15 டிகிரியில் அடைப்புக்குள் 1.0000 வரும், விடை 4185.5. அங்கிருந்து இறங்கி 35 டிகிரியை ஒட்டி 4178-ஐத் தொட்டு, 60-ல் 4184 ஆகி, 100-ல் 4216-க்கு ஏறும். இதைவிட நுட்பமான சமன்பாடுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு 0.1 சதவீதத்துக்குள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: தெவிட்டிய அழுத்தம், அதாவது இந்த வெப்பநிலையில் நீர் எந்த அழுத்தத்தில் கொதிக்கும் என்பது. 1997-ல் ஐஏபிடபிள்யூஎஸ் தொழில்துறைக்கென ஏற்றுக்கொண்ட ஐஎஃப்97 தொகுப்பில் இதற்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. பத்தே எண்கள். 0 டிகிரியிலிருந்து மாறுநிலைப் புள்ளியான (நீர், ஆவி என்ற வேறுபாடே மறையும் இடமான) 647.096 கெல்வின் வரை அந்த ஒரே சமன்பாடு போதும். அதைவிடப் பெரிய விஷயம், அதைத் திருப்பிப் போட முடியும்: அழுத்தத்தைக் கொடுத்தால் வெப்பநிலை நேராக வந்துவிடும். ஊகித்து ஊகித்து நெருங்கும் சால்வரே தேவையில்லை. இருபடிச் சமன்பாடாகவே இருக்கும்படி திட்டமிட்டுச் செதுக்கியிருக்கிறார்கள்.

ந1 = 1167.0521452767
ந2 = −724213.16703206
ந3 = −17.073846940092
ந4 = 12020.824702470
ந5 = −3232555.0322333
ந6 = 14.915108613530
ந7 = −4823.2657361591
ந8 = 405113.40542057
ந9 = −0.23855557567849
ந10 = 650.17534844798

இவை 50 முதல் 59 வரை வரிசையாக. கால்குலேட்டர் எத்தனை இலக்கம் வாங்குமோ அத்தனையையும் தட்டுங்கள். 'வெ' கெல்வின் வெப்பநிலை என்றால்:

து = வெ + ந9 ÷ (வெ − ந10)
அ = து² + ந1·து + ந2
ஆ = ந3·து² + ந4·து + ந5
இ = ந6·து² + ந7·து + ந8
அழுத்தம் = [2·இ ÷ (−ஆ + √(ஆ² − 4·அ·இ))]⁴, மெகாபாஸ்கலில்

ஆர்பிஎன்-ல்:

லேபிள் 50 · ரீகால் 00 · ரீகால் 00 · ரீகால் 59 · − · ரீகால் 58 · எக்ஸ்-ஒய் மாற்று · ÷ · + · ஸ்டோ 05
ரீகால் 50 · + · ரீகால் 05 · × · ரீகால் 51 · + · ஸ்டோ 06
ரீகால் 52 · ரீகால் 05 · × · ரீகால் 53 · + · ரீகால் 05 · × · ரீகால் 54 · + · ஸ்டோ 07
ரீகால் 55 · ரீகால் 05 · × · ரீகால் 56 · + · ரீகால் 05 · × · ரீகால் 57 · + · ஸ்டோ 08
ரீகால் 07 · வர்க்கம் · ரீகால் 06 · ரீகால் 08 · × · 4 · × · − · வர்க்கமூலம் · ரீகால் 07 · −
1/எக்ஸ் · 2 · × · ரீகால் 08 · × · வர்க்கம் · வர்க்கம் · ரிட்டர்ன்

கடைசி விடை தவறினால் எங்கே தவறியது என்று தேட இடைநிலை எண்கள் வேண்டும். 300 கெல்வினுக்கு அவை இதோ: து = 300.000681, அ = −284096.32, ஆ = −1162952.64, இ = 300496.27. விடை 0.00353658941 மெகாபாஸ்கல். 500 கெல்வினில் 2.63889776, 600-ல் 12.3443146. பத்து இலக்க இயந்திரங்களில் கடைசி இலக்கம் கொஞ்சம் பிசகலாம். அது கவலைப்பட வேண்டியதில்லை.

திரும்பும் வழிக்கு, அழுத்தத்தின் நான்காம் மூலத்தை 'பீ' என்று வையுங்கள் (வர்க்கமூலம் இரண்டு முறை):

உ = பீ² + ந3·பீ + ந6
ஊ = ந1·பீ² + ந4·பீ + ந7
எ = ந2·பீ² + ந5·பீ + ந8
ஏ = 2·எ ÷ (−ஊ − √(ஊ² − 4·உ·எ))
வெ = [ந10 + ஏ − √((ந10 + ஏ)² − 4·(ந9 + ந10·ஏ))] ÷ 2

0.1 மெகாபாஸ்கலுக்கு 372.755919 கெல்வின், 1-க்கு 453.035632, 10-க்கு 584.149488. இதைவிட உறுதியான சோதனை ஒன்றும் உண்டு: ஏதாவது ஒரு வெப்பநிலையை முதல் ப்ரோகிராமில் கொடுத்து, வந்த அழுத்தத்தை இரண்டாவதில் கொடுங்கள். கொடுத்த வெப்பநிலையே திரும்ப வர வேண்டும்.

அழுத்தம் கொடுக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சமன்பாடு கேட்பது தனி அழுத்தம். பாய்லரின் கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே உள்ள அழுத்தம். கேஜில் 10 பார் என்றால் தனி அழுத்தம் சுமார் 11.013 பார், அதாவது 1.1013 மெகாபாஸ்கல்; வெப்பநிலை 184.1 டிகிரி. கேஜ் எண்ணை அப்படியே தட்டினால் 179.9 வரும். நான்கு டிகிரிக்கு மேல் வித்தியாசம். கேஜ் அழுத்தத்துக்கென்று தனி லேபிள் வைத்து, 0.101325 கூட்டும் வேலையை ப்ரோகிராமே செய்யும்படி விட்டுவிடுங்கள்.

இப்போது ஆவியின் அடர்த்தி. பழைய சுழலே போதும். விகிதம் மட்டும் வேறு: 1 − வெ ÷ 647.096.

−2.03150240, அடுக்கு 2/6
−2.68302940, அடுக்கு 4/6
−5.38626492, அடுக்கு 8/6
−17.2991605, அடுக்கு 18/6
−44.7586581, அடுக்கு 37/6
−63.9201063, அடுக்கு 71/6

லேபிள் 30 · 1 · ரீகால் 00 · 647.096 · ÷ · − · ஸ்டோ 01 · 30.04002 · எக்ஸ்ஈக்யூ 90 · இ-அடுக்கு-எக்ஸ் · 322 · × · ரிட்டர்ன்

322 என்பது மாறுநிலை அடர்த்தி. அடுக்குகளை 6.17 என்று சுருக்கித் தட்டாமல், ஏற்றும் ப்ரோகிராமிலேயே 37 · என்டர் · 6 · ÷ என்று எழுதுங்கள். 373.1243 கெல்வினில் 0.5976 வர வேண்டும். இந்த வடிவத்தில் ஒரு பாதுகாப்பும் தானாக அமைந்திருக்கிறது: 647.096-ஐத் தாண்டிய வெப்பநிலை கொடுத்தால் விகிதம் எதிர்மறையாகிவிடும், எதிர்மறை எண்ணின் பின்ன அடுக்கு சாதாரண மெய்யெண்ணாக வராது. பல இயந்திரங்கள் பிழை காட்டி நின்றுவிடும். 42எஸ் கலப்பெண்ணைக் காட்டும். இரண்டில் எது வந்தாலும் எல்லை மீறிவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

அழுத்தமும் இரண்டு அடர்த்திகளும் கையில் வந்துவிட்டதால், உள்ளுறை வெப்பத்துக்குத் தனியாகக் குணகங்கள் தேவையில்லை. கிளாப்பிரான் சமன்பாடு அதை இவற்றிலிருந்தே பிழிந்து தரும்:

உள்ளுறை வெப்பம் = வெ × (1/ஆவி அடர்த்தி − 1/நீர் அடர்த்தி) × அழுத்தம் ஏறும் வேகம்

வேகத்தைப் பெற லேபிள் 50-ஐ இரண்டு முறை கூப்பிடுங்கள்: வெப்பநிலைக்கு அரை டிகிரி மேலே ஒருமுறை, அரை டிகிரி கீழே ஒருமுறை. இரண்டின் வித்தியாசம் ஒரு டிகிரிக்கான ஏற்றம். அதை 10⁶-ஆல் பெருக்கினால் பாஸ்கலாகும். 00-ல் இருந்த பழைய வெப்பநிலையை ரெஜிஸ்டர் 42-ல் எடுத்து வைத்து, முடிந்ததும் திருப்பிப் போடுங்கள். 373.1243 கெல்வினில் வேகம் 3616 பாஸ்கல், அடைப்புக்குள் 1.6724 கன மீட்டர். பெருக்கினால் கிலோகிராமுக்கு 2256 கிலோஜூல். அட்டவணையில் இருக்கும் அதே எண். வெறும் அழுத்த வளைவின் சரிவிலிருந்தும் அடர்த்தியிலிருந்தும், ஒரு வெப்பத்தைக்கூட நேராக அளக்காமல் இது கிடைக்கிறது. வெப்ப இயக்கவியலின் அழகை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய கணக்கு வேறில்லை.

எல்லாம் ஏறிய பிறகு, உண்மையான வேலைக்கு வருவோம். உள்விட்டம் 25 மில்லிமீட்டர் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடுகிறது. 25 டிகிரியில் லேபிள்களை ஓட்டினால் ரெனால்ட்ஸ் எண் (வேகம் × விட்டம் × அடர்த்தி ÷ பாகுநிலை) 28,007, பிராண்டில் எண் (தன்வெப்பம் × பாகுநிலை ÷ கடத்துதிறன்) 6.13. டிட்டஸ்–போல்ட்டர் சமன்பாட்டில் (0.023, அடுக்குகள் 0.8, 0.4) போட்டால் நுசெல்ட் எண் (வெப்பப் பரிமாற்றக் குணகம் × விட்டம் ÷ கடத்துதிறன்) 171.6, வெப்பப் பரிமாற்றக் குணகம் சதுர மீட்டர்-கெல்வினுக்கு 4160 வாட். வெப்பநிலையை மட்டும் 60 என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். ரெனால்ட்ஸ் 52,740, பிராண்டில் 3.00, நுசெல்ட் 213.8, குணகம் 5570 வாட். குழாயும் அதே, வேகமும் அதே, ஆனால் குணகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

இதில் யாருடைய கை இருக்கிறது என்று பாருங்கள். 25-லிருந்து 60-க்குப் போனதில் அடர்த்தி 1.4 சதவீதம் இறங்கியது, தன்வெப்பம் 0.1 சதவீதம் ஏறியது, கடத்துதிறன் 7 சதவீதம் ஏறியது. பாகுநிலையோ 890-லிருந்து 466-க்கு, கிட்டத்தட்டப் பாதியாக விழுந்துவிட்டது. ஆகவே நினைவகம் குறைந்த இயந்திரம்தான் கையில் இருக்கிறது, ஒரே ஒரு பண்பைத்தான் ஏற்ற முடியும் என்றால் தயங்காமல் பாகுநிலையை ஏற்றுங்கள். அந்த எட்டு ரெஜிஸ்டருக்குக்கூட இடமில்லையென்றால் 2.414×10⁻⁵ × 10^(247.8 ÷ (வெ − 140)) என்ற குட்டிச் சூத்திரம் இருக்கிறது, விடை பாஸ்கல்-விநாடியில் வரும். 25 டிகிரியில் அது 8.904×10⁻⁴ கொடுக்கும், 80-ல் ஒரு சதவீதம் பிசகும். ப்ரோகிராமே இல்லாத, சூத்திரத்தில் எண்ணைப் பொருத்திப் பார்க்கும் கால்க் விசை மட்டும் உள்ள கால்குலேட்டரிலும் இது ஓடும்.

பாகுநிலை ப்ரோகிராமாகிவிட்டதால், சோம்பல்பட்டு விட்டுவிடும் ஒரு திருத்தத்தையும் இனி விட வேண்டியதில்லை. சீடர்–டேட் சமன்பாட்டில், குழாய் நடுவிலுள்ள நீரின் பாகுநிலையைச் சுவரை ஒட்டிய நீரின் பாகுநிலையால் வகுத்து 0.14 அடுக்குக்கு ஏற்றச் சொல்வார்கள். அட்டவணையோடு உட்கார்ந்தால் இதற்காக இன்னொரு இடைக்கணிப்பு. இங்கே லேபிள் 10-ஐ இன்னொரு முறை கூப்பிட்டால் போதும். நீர் 60, சுவர் 80 டிகிரி என்றால் 466.0 ÷ 354.0, அதன் 0.14 அடுக்கு 1.039. சுவர் சூடாக இருப்பதால் குணகத்தில் 4 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது.